முத்துப்பிள்ளை

ரத்தம் எடுத்தாகிவிட்டது. பஞ்சை வைத்து அழுத்தி முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்ன லேப் பெண், ரிசல்ட் வர மத்தியானம் ஆகிவிடும், டாக்டரம்மாவும் அதற்குள் தியேட்டரிலிருந்து வந்துவிடுவார்கள், பார்த்துவிட்டே போய்விடலாம் என்று சொன்னாள். போன வாரமும் இதையேதான் சொன்னாள், இதே சிரிப்போடு. போன வாரம் ரத்தத்தில் பார்க்கிற அந்த எண் இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும், தெரிந்தால் இப்படிச் சிரிக்க வருமா, அல்லது இங்கே வேலைக்குச் சேரும்போதே இந்தச் சிரிப்பையும் கோட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்களோ என்னவோ. வசுமதி மடக்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்ததில் உட்கார்ந்தாள். பரணிதரன் உட்காரவில்லை. இந்த ஆஸ்பத்திரிக்குள் அவளுடைய புருஷன் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன், உனக்கு ஏதாவது வேண்டுமா என்றான், வேண்டாம் என்றாள், வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலாலேயே தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். ராசிபுரத்திலிருந்து சேலம் வருகிற வரைக்கும் பஸ்ஸிலும் பேச்சில்லை. கோபம் ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாகவே இப்படித்தான், இரண்டு பேருக்கும் நடுவில் தூங்குகிற எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல நடக்கிறார்கள், மெல்லக் கதவைச் சாத்துகிறார்கள், உப்புக் குறைந்தால்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறான்.

எதிர்ச் சுவரில் அந்தப் படம் இருந்தது. வயிற்றுக்குள் மாதாமாதம் பிள்ளை எப்படி வளர்கிறது என்று வட்ட வட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தது. கருப்பை, தொப்புள்கொடி, பனிக்குடம், நஞ்சுக்கொடி. பார்க்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு வாரமும் நினைக்கிறாள், ஆனால் வேறு எங்கே பார்ப்பது, பக்கத்துச் சுவரில் சீம்பால் கொடுங்கள், பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் பயப்படாதீர்கள், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று இன்னும் மூன்று படம். பனிக்குடம். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள், வெயிலும் புழுதியுமாக இருக்கிற ஊரில் எல்லார் வயிற்றுக்குள்ளும் ஒரு பனிக்குடம் என்று. அவ்வளவு நல்ல பெயரை வைத்தவர்களே அதற்குப் பக்கத்தில் இருப்பதற்கு நஞ்சு என்று எப்படி வைத்தார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதே அதுதானாம், மூச்சு கொடுப்பதே அதுதானாம், பிறகு ஏன் நஞ்சு. உங்களுக்கு நஞ்சு மட்டுந்தான் வளந்திருக்கும்மா, பிள்ளை வளரல என்று டாக்டரம்மா சொன்னபோது அந்த ஒரு வார்த்தைதான் முதலில் காதில் விழுந்தது, வயிற்றுக்குள் விஷம் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரி என்ன சரி, வாந்தி நிற்கவே இல்லை, தண்ணீர் குடித்தால்கூட வந்துவிடும், பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பார்த்தாலே குமட்டும், மூன்று மாதம் முடிவதற்குள் புடவை கொசுவம் மேலே நிற்காத அளவுக்கு வயிறு. ரெட்டையா இருக்கும் சாமி, எங்க சித்திக்கு இப்படித்தான் இருந்துச்சு என்று அத்தை இரண்டு கைகளாலும் அவள் கன்னத்தை வழித்தாள். அவளும் நம்பினாள். லாரி புக்கிங் ஆபீஸில் மேஜைக்கு அடியில் புளிப்பு மிட்டாயை வைத்துக்கொண்டு, ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் வாயில் போட்டுக்கொண்டு, ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்வாள். நம்ம வண்டி நாக்பூர் தாண்டிருச்சு பாருங்க. இன்னைக்கு ஹூப்ளியில மழையாம், டிரைவர் அண்ணன் சாயங்காலந்தான் கெளம்புவாராம். யாரிடம் சொன்னாள் என்பதுதான் இப்போது கேள்வி. அங்கே கேட்பதற்கு ஆள் இருந்ததே இல்லை என்றால் அத்தனை வண்டிகளும் எங்கே போயின என்று அவள் யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சை நிறுத்தினார். அந்த நிறுத்தத்தை அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், சில நேரம் மிக்சியை அணைத்ததும் வருகிற அமைதியில் அது வந்துவிடுகிறது. ஜெல்லைத் துடைக்காமலேயே கணவரை உள்ளே கூப்பிடச் சொன்னார். பிறகு ரொம்பப் பொறுமையாக, அவர் மாதிரி பொறுமையாகச் சொல்ல யாராலும் முடியாது, விந்தும் முட்டையும் சேருகிற அந்த முதல் நொடியிலேயே நடந்துவிடுகிற தவறு இது, உங்கள் சாப்பாடோ வேலையோ வண்டியில் போனதோ எதுவும் காரணம் இல்லை, ஆயிரத்தில் ஒருத்தருக்கு வரலாம், இதை முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று சொல்வோம் என்றார். முத்துப்பிள்ளை. பெரிய மீசையும் வெற்றிலைப் பெட்டியுமாக மண்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஒரு வயசாளிதான் வசுமதியின் மனசுக்குள் வந்தார், சிரிப்புகூட வந்துவிட்டது, அந்த நேரத்தில் சிரித்தோமே என்று பிறகு எத்தனை நாள் நினைத்து நினைத்துக் கூசியிருக்கிறாள். புத்தகத்தில் திராட்சைக் கொத்து மாதிரி என்று போட்டிருக்கும், நம்ம பக்கத்துக்காரங்களுக்கு ஜவ்வரிசின்னு சொன்னா புரியும், வேகவெச்ச ஜவ்வரிசி மாதிரி குட்டிக் குட்டியா நீர்முத்துங்க, உள்ள முழுக்க அதுதான் இருக்கு என்றார் டாக்டரம்மா. பரணிதரன் ஜவ்வரிசி ஆலையில்தான் வேலை பார்க்கிறான், காயவைக்கிற களத்துக்கு அவன்தான் பொறுப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெள்ளை வெளேரென்று கண் கூச அதில்தான் நிற்கிறான். அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். அன்றிலிருந்து வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் வாசல் குழாயில் அவ்வளவு நேரம் கை கழுவுகிறான், சட்டையை உதறி உதறி வெளியிலேயே மாட்டுகிறான். உங்களால இல்லைங்க என்று சொல்லவேண்டும், டாக்டரம்மாவே சொன்னார்களே என்று சொல்லவேண்டும், சொன்னால் அவன் அப்படி நினைத்தான் என்பதை அவள் பார்த்துவிட்டாள் என்று ஆகிவிடும். அதனால் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள்.

கலைந்துபோயிருந்தால்கூட நாலு பேர் வந்திருப்பார்கள். வந்து உட்கார்ந்து, எத்தனை மாசம், எப்படி ஆச்சு, போனது போகட்டும் அடுத்தது நல்லபடியா வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், அவளும் அழுதிருப்பாள். இதற்கு என்ன கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அது பிள்ளையே இல்ல கண்ணு, வெறும் நீர்க்கட்டி, போட்டு மனச ஒழப்பிக்காத என்று அத்தை சொன்னது நல்ல எண்ணத்தில்தான், அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. பிள்ளையே இல்லை. சரி. அப்படியானால் பெயரில் ஏன் பிள்ளை இருக்கிறது. கட்டி என்றே வைத்திருக்கலாமே, நீர்முத்து நோய் என்று வைத்திருக்கலாமே. யாரோ ஒரு மருத்துவச்சி, எந்தக் காலத்திலோ, இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்தவளின் முகத்தையும் பார்த்துவிட்டு, பிள்ளை என்று சொல்லிவைத்திருக்கிறாள். ஒரு மரியாதைக்காகச் சொல்லியிருப்பாள். அவளாவது பார்த்தாள். வசுமதி பார்க்கவில்லை. மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுத்துவிட்டார்கள், கண் விழித்தபோது வயிறு இல்லை, வாந்தி இல்லை, ஜன்னலில் ஒரு காக்கா, அடுத்த கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள், அந்த வாசனை அவளுக்குக் குமட்டவே இல்லை. குமட்டவில்லை என்றதும்தான் அழுகை வந்தது. எங்கே போட்டார்கள் என்று கேட்க நினைத்தாள். யாரிடம் கேட்பது, எது என்று கேட்பது.

ஆனால் அது போனது உடம்புக்குத் தெரியவில்லை. அதுதான் யாரிடமும் சொல்லாத விஷயம். வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தெரியாத மருந்துக்கடை ஒன்றில் கர்ப்பம் பார்க்கிற அட்டையை வாங்கிவந்து, அத்தை கோயிலுக்குப் போன நேரத்தில் பாத்ரூமில் பார்த்தாள். இரண்டு கோடு. முதல் தடவை வந்ததைவிட அழுத்தமாக, செக்கச்செவேலென்று இரண்டு கோடு. அந்த ஹார்மோன் ரத்தத்தில் மிச்சம் இருக்கும்வரை அப்படித்தான் காட்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், வாராவாரம் ரத்தம் எடுப்பதே அது இறங்கி இல்லாமல் போகிறதா என்று பார்க்கத்தான். தெரிந்துதான் பார்த்தாள். தெரிந்தும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு வாரமும், ரத்தம் கொடுக்க வருவதற்கு முன்னால், ஒரு அட்டை. கடை மாற்றி மாற்றி வாங்கினாள். கோடு சிவப்பிலிருந்து ரோஸ் ஆயிற்று, ரோஸிலிருந்து வெளுத்த ரோஸ், துவைத்துத் துவைத்துச் சாயம் போன ரவிக்கை மாதிரி. போன வாரம் எண் நின்றுவிட்டது என்று சொன்ன டாக்டரம்மா, அடுத்த தடவையும் இறங்கவில்லை என்றால் ஊசி மருந்து ஆரம்பிக்கவேண்டியிருக்கும் என்றார், அது கேன்சருக்குப் போடுகிற மருந்து என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார், இது முழுக்கக் குணமாகிவிடும், பயப்படாதீர்கள், ஆனால் விட்டுவிடக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்றார். வசுமதிக்குப் பயம் வந்தது. உள்ளங்கால் சில்லிட்டுப்போகிற பயம். அந்தப் பயத்துக்கு அடியில், வெட்கமில்லாமல், இன்னும் போகவில்லை, இன்னும் இருக்கிறது என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. பைத்தியமா நீ. உன்னைத் தின்றுவிடும் என்கிறார்கள், நீ அதற்கு இடம் கொடுக்கப் பார்க்கிறாயா. இறங்கவேண்டும், இறங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மன் கோயில் கோபுரம் தெரிந்ததும் இறங்கவேண்டும் என்றுதான் கும்பிட்டாள், கும்பிட்ட கை பிரிவதற்குள் முழுக்க வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும் என்று உள்ளே யாரோ சொல்லிவிட்டார்கள். எதை அம்மன் கேட்டிருப்பாள். இன்று காலையில் பார்த்தபோது இரண்டாவது கோடு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இருந்தது. நேராகப் பிடித்தால் இல்லை.

அக்கா, கொழந்தைக்கு மஞ்சள் காமாலை டெஸ்ட் எங்க எடுக்கறாங்க என்று ஒரு குரல் கேட்டது. சின்ன வயசுப் பையன், இருபத்தைந்துகூட இருக்காது, முகத்தில் தூக்கமே இல்லை, பூப்போட்ட துண்டில் சுற்றியதை உடைந்துவிடும் என்பதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். துண்டுக்குள்ளிருந்து ஒரு நெற்றி மட்டும் தெரிந்தது, மஞ்சள் பூசியதுபோலத்தான் இருந்தது. உள்ளேதான், கதவைத் தட்டுங்க, கூப்பிடுவாங்க என்றாள். தட்டினான், இருக்கச் சொன்னார்கள், பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டான். குழந்தையின் அம்மா மேலே வார்டில் இருக்கிறாள், ஆபரேஷன், எழுந்திருக்க முடியவில்லை, குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்களாமே, இவ்வளவு சின்னக் காலில் எங்கே அக்கா குத்துவார்கள் என்று அவன் பாட்டுக்குப் பேசினான். நீல விளக்குக்கு அடியில் வைத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும், எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்று சுவரில் படித்ததையே அவள் சொன்னாள். தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்பதுபோல அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு, நாகரிகமாக ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டான்.

"உங்களுக்கு எத்தனாவது மாசங்கக்கா?"

"அஞ்சு," என்றாள் வசுமதி.

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை, யாராவது மணி கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள், கணக்கும் சரிதான், இருந்திருந்தால் ஐந்துதான். பையன் சிரித்தான், நல்லாச் சாப்பிடுங்கக்கா, எங்க வீட்டுல ஒண்ணும் சாப்பிடாம இப்ப ரத்தம் பத்தலன்னு சொல்றாங்க என்றான். அவள் சரி என்றாள். ஐந்தாம் மாதம் என்றால் அசையும். உள்ளே மீன் திரும்புகிற மாதிரி இருக்கும் என்று ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி சொல்லியிருக்கிறாள். ஐந்தாம் மாதம் என்றால் அத்தை வளைகாப்புக்கு நாள் பார்க்க ஆரம்பித்திருப்பாள், பரணிதரன் மொட்டை மாடியில் துணி காயப்போட அவளை விடமாட்டான், அவள் கோபித்துக்கொள்வாள், அவன் கேட்கமாட்டான். சில விநாடிகள்தான், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, முழங்காலைக் கொஞ்சம் அகட்டி, ஐந்து மாதக்காரி மாதிரியே உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனான், கதவு சாத்திக்கொண்டது, ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, அப்புறம் அந்தக் குழந்தை வீறிட்டது. குதிகால். வசுமதியின் அடிவயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது, மார்பில் ஊசி குத்துகிற மாதிரி ஒன்று ஓடியது. அடங்கு, அடங்கு, உனக்கில்லை என்று உடம்பிடம் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் பரணிதரன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான், எதைக் கேட்டான் என்று தெரியவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் சாத்தியிருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா தலையில் கட்டிய பச்சைத் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். நல்லா எறங்கிருச்சு, ஊசியெல்லாம் வேண்டாம் என்றார். போன வாரம் நின்றது ஒரு சின்னத் தடங்கல்தான், சில பேருக்கு அப்படி ஆகும். இன்னும் சில வாரம் ரத்தம் பார்க்கலாம், அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை, கொஞ்ச காலத்துக்குப் பிள்ளை உண்டாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு தாராளமாக முயற்சி செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். பரணிதரன் மூச்சை விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. எவ்வளவு நாளாக அந்த மூச்சைப் பிடித்துவைத்திருந்தானோ.

"அப்ப, இன்னும் கொஞ்சம் இருக்குங்களா டாக்டர்?" என்று வசுமதி கேட்டாள்.

டாக்டரம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "துளிதாம்மா. பயப்படாதீங்க. அடுத்த வாரம் அதுவும் போயிரும்."

வெளியே வெயில் கொளுத்தியது. ராசிபுரம் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வேப்பமர நிழலில் நின்றார்கள். பரணிதரன் இளநீர் வாங்கிக் கொடுத்தான், அவள் பாதி குடித்து அவனிடம் கொடுத்தாள், அவன் மீதியைக் குடித்தான். அம்மாவுக்குப் போன் போட்டு நல்ல சேதியைச் சொன்னான், அந்தப் பக்கம் அத்தை அழுவது அவளுக்கே கேட்டது. துளி. அடுத்த வாரம் அதுவும் போய்விடும். செத்துப்போகமாட்டாள், ஊசி வேண்டாம், முடி கொட்டாது, எல்லாம் நல்லதுதான். அடுத்த வாரத்துக்குப் பிறகு அது இருந்ததற்கு உலகத்தில் ஒரு அடையாளமும் இருக்காது. பார்த்தவர்கள் யாரோ ஒரு நர்ஸ், யாரோ ஒரு ஆயா, அவர்கள் தினம் பத்துப் பார்ப்பார்கள், மறந்திருப்பார்கள். கேட்டுவிடு. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டாய்.

"ஏங்க, அன்னைக்கு அத எங்க போட்டாங்க?"

அவன் இளநீர்க் கூட்டைக் கீழே வைத்தான். எது என்று கேட்கவில்லை. போடவில்லை, தன் கையில்தான் கொடுத்தார்கள் என்றான். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, மேலே அவள் பெயரை எழுதி ஒட்டி, கேன்சர் இருக்கிறதா என்று பார்க்கிற பெரிய லேப் ஒன்றின் விலாசத்தைச் சொல்லி, உடனே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று நர்ஸ் சொன்னாளாம். வசுமதி அப்போது மயக்கத்தில் இருந்தாளாம். வழக்கமாகவே சொந்தக்காரர்கள்தான் கொண்டுபோகவேண்டுமாம்.

"ஆட்டோ புடிச்சுப் போனேன்," என்றான். "பையில வைக்கலாம்னு பாத்தேன். வைக்கத் தோணல. மடியில வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். மேடு பள்ளம் வர்றப்பல்லாம் மெதுவாப் போங்கண்ணா, மெதுவாப் போங்கண்ணான்னு சொல்லிக்கிட்டே போனேன். ஒடையற சாமானா தம்பின்னு கேட்டாரு. ஆமான்னேன்."

வசுமதிக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பொறாமை. தன் வயிற்றில் இருந்தது, தான் பேசிக்கொண்டிருந்தது, தன்னை வாந்தி எடுக்கவைத்துப் படுக்கப் போட்டது, அதை இவன் மடியில் வைத்துக்கொண்டு சேலம் முழுக்கப் போயிருக்கிறான், அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இவ்வளவு நாள் அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, கையைக் கழுவிக் கழுவி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தீர்களா என்று கேட்டாள், குரல் அவளுக்கே கேட்கவில்லை, ஆனால் அவனுக்குக் கேட்டது. பார்த்தேன் என்றான். எப்படி இருந்தது என்று கேட்டாள். அவன் சட்டைக் கையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டான்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். தப்பா நெனச்சுக்குவாங்க," என்றான். "ஆட்டோவுல வெயில் பட்டுச்சு. உள்ள ஒவ்வொண்ணும் தனித்தனியா மின்னுச்சு. அழகா இருந்துச்சு வசு."

ராசிபுரம் பஸ் வந்து நின்றது. கூட்டம் இல்லை, ஜன்னலோரம்கூட இடம் இருந்தது, கண்டக்டர் இவர்களைப் பார்த்து வாங்க வாங்க என்று கையாட்டினான். பரணிதரன் அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தான். வசுமதி நகரவில்லை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மொதல்லருந்து சொல்லுங்க, நர்ஸ் உங்க கையில குடுத்ததுலருந்து என்றாள். கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதிப் பார்த்துவிட்டு, பஸ்ஸைத் தட்டிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். புழுதி அடங்கும்வரை பொறுத்திருந்து, பரணிதரன் வேர்மேல் கர்ச்சீப்பை விரித்து அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தான்.